ஆகஸ்ட் மாச ஷீட்டும் அகஸ்டஸ் சீசரும்

போன மாசம் ஒரு ராத்திரி. மணி பதினொண்ணு இருக்கும். கரண்ட் போய்ப் போய் வந்துக்கிட்டிருக்கு. அக்கா மக எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து சத்தமாப் படிக்கிறா. பி.ஏ. வரலாறு, ரெண்டாவது வருசம். பரீட்சை நெருங்கிக்கிட்டிருக்கு.

"ஸ்பார்ட்டா ராணுவ அரசு, ஏதென்ஸ் ஜனநாயக அரசு. ஸ்பார்ட்டா ராணுவ அரசு, ஏதென்ஸ் ஜனநாயக அரசு..."

கண்ணை மூடிக்கிட்டு, முன்னாடியும் பின்னாடியும் ஆடிக்கிட்டு.

நான் கேட்டேன். "பாப்பா, ஏதென்ஸ் எங்க இருக்கு?"

"பதினோராம் பக்கத்துல சித்தி."

அவ விளையாட்டுக்குச் சொல்லல. நெசமாவே அப்படித்தான் சொன்னா. அவளைப் பொறுத்தவரைக்கும் ஏதென்ஸ் அந்த கைடோட பதினோராம் பக்கத்துலதான் இருக்கு. பன்னெண்டாம் பக்கத்துல ரோம் வந்துருது. பதினாலாம் பக்கத்துல ரோமப் பேரரசு விழுந்துருது. அதுக்கான காரணங்கள் ஆறு. ஆறையும் வரிசை மாறாம ஒப்பிக்கணும்.

எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. கோவம். அவ மேல இல்ல. (அவ நல்லாப் படிக்கிற புள்ள.) இருபது வருசத்துக்கு முன்னாடி நானும் இதே வரலாறுதான் படிச்சேன். இதே ஸ்பார்ட்டா, இதே ஏதென்ஸ், இதே ஆறு காரணம். மூணு வருசத்துல ஒரு கிரேக்கன் எழுதின ஒரு பக்கத்தைக்கூட வகுப்புல யாரும் வாசிச்சுக் காட்டல. பிளேட்டோ எழுதின நூல்களோட பேரு மட்டும் மனப்பாடம். சமையல் குறிப்பைப் படிச்சுட்டு பசியாறுன்னு சொன்ன மாதிரி.

சரி, நம்மளே சொல்லிக் குடுப்போம்னு கிளம்பினேன்.

மொதல்ல டிராய் யுத்தத்துல இருந்து தொடங்கினேன். கதை சொன்னா புடிக்கும்ல? "படம் பாத்துட்டேன் சித்தி"ன்னு சொல்லிட்டா. முடிஞ்சுபோச்சு.

அடுத்து ஒரு மேப் வரைஞ்சேன். மத்தியதரைக் கடல், இத்தாலி, கிரீஸ், எகிப்து எல்லாம் பென்சில்ல போட்டு கலர் அடிச்சு. அவ அதைப் பார்த்துக்கிட்டே தூங்கிட்டா. நாள் பூரா காலேஜ், அப்புறம் பஸ், அப்புறம் வீட்டு வேலை. அவளைச் சொல்லிக் குத்தமில்ல.

மூணாவது தடவை தற்செயலா நடந்தது. அதைத்தான் உங்ககிட்டச் சொல்லணும்.

நான் சிவகாசியில அச்சுத் தொழில்ல இருக்கேன், புரூஃப் பார்க்கிற வேலை. எங்களுக்கு ஆடிப்பெருக்குன்னா அடுத்த வருசக் காலண்டர் ஆல்பம் வெளிய வர்ற நாள். அதுக்கு முந்தின மாசங்கள்ல கண்ணு பிதுங்கிரும். தினக்காலண்டர் ஒவ்வொரு தாள்லயும் தேதி, தமிழ் மாசம், ஹிஜ்ரி, திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம்... ஒரு எழுத்து தப்பாப் போனா ஊர் பூரா போன் பண்ணித் திட்டும்.

அப்படி ஒரு நாள் வீட்டுல ஓரை அட்டவணை திருத்திக்கிட்டிருந்தேன். ஞாயித்துக்கிழமை காலை ஆறுலருந்து ஏழு சூரிய ஓரை. அடுத்தடுத்து சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய். ஏழு முடிஞ்சா மறுபடி சூரியன்.

பாப்பா எட்டிப் பார்த்தா. "இது என்ன சித்தி வரிசை? கிழமை வரிசையும் இல்ல, ஒண்ணும் இல்ல?"

நல்ல கேள்வி! இத்தனை வருசமா புரூஃப் பார்க்கிறேன், நான் கேட்டதே இல்ல. ரெண்டு பேரும் உட்கார்ந்து தேடினோம்.

அந்த வரிசை வேகத்தோட வரிசை. வானத்தை ஒரு சுத்து சுத்தி வர சனிக்கு ஏறத்தாழ முப்பது வருசம். குருவுக்குப் பன்னெண்டு. செவ்வாய்க்கு ரெண்டு வருசத்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்புறம் சூரியன், சுக்கிரன், புதன். கடைசியா சந்திரன், இருபத்தேழு நாள். மெதுவாப் போறதுல இருந்து வேகமாப் போறது வரைக்கும். சனியில இருந்து எண்ணிப் பாருங்க, நம்ம ஓரை அட்டவணை அப்படியே வரும்.

இப்ப இதைச் செஞ்சு பாருங்க. ஞாயிறு காலை மொத மணிக்கு சூரியன். இருபத்துநாலு மணி நேரமும் வரிசையா ஓட்டுங்க. இருபத்தஞ்சாவது மணி, அதாவது மறுநாள் காலை ஆறு மணி, யாரு? விரல் விட்டு எண்ணினா சந்திரன். திங்கள்கிழமை! இன்னொரு இருபத்துநாலு ஓட்டினா செவ்வாய். இன்னொரு தடவை ஓட்டினா புதன்.

பாப்பா விரலை மடக்கி மடக்கி ஏழு கிழமையும் எண்ணி முடிச்சா. அவ மூஞ்சியைப் பார்க்கணும் நீங்க. "சித்தி, அப்ப கிழமைங்கிறதே இதுல இருந்துதான் வந்துச்சா?"

ஆமா. எகிப்துல கிரேக்கம் பேசின சோதிடர்கள் போட்ட கணக்கு இது. ஒரு நாளை இருபத்துநாலாப் பிரிச்சது எகிப்து. கோள்களைப் பல நூறு வருசம் உட்கார்ந்து பார்த்து எழுதி வச்சது பாபிலோன். அதை வரிசைப்படுத்திக் கணக்காக்கினது கிரேக்கம். ரோமாபுரி வழியா அது ஐரோப்பாவுக்குப் போச்சு, யவன ஜாதகம் மாதிரியான வடமொழி நூல்கள் வழியா நம்ம பக்கம் வந்துச்சு. ஓரைங்கிற சொல்லே கிரேக்க ஹோராதான். இங்கிலீஷ்காரன் மணி நேரத்துக்குச் சொல்ற அவர், ஜாதகத்துக்குச் சொல்ற ஹாரோஸ்கோப், ரெண்டும் அதே வேர்தான்.

(கொஞ்சம் பொறுங்க. இதுல ஒரு சண்டையும் இருக்கு. தொல்காப்பியத்துல ஓரைன்னு ஒரு சொல் வருது. தமிழறிஞர் எஸ். வையாபுரிப் பிள்ளை அதைக் கிரேக்கத்துல இருந்து வடமொழி வழியா வந்த சொல்லுன்னு எடுத்துக்கிட்டு, தொல்காப்பியத்தோட காலத்தைக் கீழ இறக்கினார். அது சுத்தத் தமிழ்ச் சொல், சங்கப் பாட்டுல பொண்ணுங்க ஆடுற விளையாட்டுக்கே ஓரைன்னுதான் பேருன்னு மறுத்தவங்க நிறையப் பேர். ஒரே ஒரு சொல். அதை வச்சு எப்பேர்ப்பட்ட விவாதம் நடந்திருக்கு பாருங்க! இதை ஒரு மணி நேரம் வகுப்புல வச்சு ரெண்டு கட்சியாப் பிரிச்சுப் பேச விட்டா எந்தப் புள்ளையாவது தூங்குமா?)

அன்னைக்கு ராத்திரி அவ தூங்கவே இல்ல. மாசப் பேருக்குப் போனோம். ஜூலை, ஜூலியஸ் சீசர். கி.மு. 44-ல அவர் பேரை வச்சாங்க. ஆகஸ்ட், அகஸ்டஸ் சீசர். கி.மு. 8-ல.

நான் உடனே எனக்குத் தெரிஞ்ச கதையை எடுத்து விட்டேன். "சீசர் மாசத்துக்கு முப்பத்தொரு நாள் இருந்துச்சாம், தன்னோட மாசத்துக்கும் வேணும்னு அகஸ்டஸ் பிப்ரவரியில இருந்து ஒரு நாளைப் புடுங்கிக்கிட்டாராம்." பள்ளிக்கூடத்துல படிச்சது, அப்படியே மனசுல நின்னுருச்சு.

ரெண்டு நாள் கழிச்சு பாப்பா வந்து, "சித்தி, அது தப்பாம்"னு சொன்னா. தேடிப் பார்த்தா நெசமாவே தப்பு. சீசர் காலண்டரைத் திருத்தினப்பவே, பின்னால ஆகஸ்ட் ஆன மாசத்துக்கு முப்பத்தொரு நாள் ஆயிருச்சு. புடுங்கின கதை ஆயிரத்துச் சொச்சம் வருசம் கழிச்சு யாரோ ஐரோப்பாவுல கட்டிவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோசம்! கைடை ஒப்பிச்ச புள்ள, பெரியவங்க சொன்னதைச் சரிபார்த்துட்டு வந்து நிக்கிறா. வரலாறு படிக்கிறதுன்னா இதுதானே?

அந்த அகஸ்டஸ் இருக்காருல்ல, அவருக்கு நம்ம ஊர்ல இருந்து தூது போயிருக்கு. ஸ்ட்ராபோன்னு ஒரு கிரேக்கப் புவியியல்காரர் எழுதியிருக்கார், இந்தியாவுல இருந்து பாண்டியன்ங்கிற ராசா அகஸ்டஸுக்குப் பரிசும் தூதும் அனுப்பினாருன்னு. (போரஸ்னு இன்னொரு பேரையும் சேர்த்தே சொல்றார். யாருங்கிறதுல அவருக்கே கொஞ்சம் குழப்பம்.) பாண்டியன்னா மதுரை. நம்ம பஸ் ஸ்டாண்டுல ஏறினா ரெண்டு மணி நேரம்.

இதெல்லாம் பதினோராம் பக்கத்துல இல்ல.

இன்னொரு நாள் நடந்ததையும் சொல்லிர்றேன். எனக்கு இதுதான் ரொம்பப் பெருசாப் பட்டுச்சு.

சாக்ரடீஸ் பாடம். "சாக்ரடீஸ் ஹெம்லாக் என்னும் நஞ்சு கொடுத்துக் கொல்லப்பட்டார்." இது கைடு. பிளேட்டோ எழுதின அந்தக் கடைசி நாள் உரையாடலோட தமிழ் மொழிபெயர்ப்பை ரெண்டு பேரும் மெதுவா வாசிச்சோம். கிரேக்க மூலத்துல அந்த நஞ்சுக்கு என்ன சொல் வருதுன்னு பார்த்தேன். பார்மகான். பார்மசிங்கிறமே, அதே சொல். கிரேக்கத்துல அதுக்கு நோய் தீர்க்கிற மருந்துன்னும் அர்த்தம், கொல்ற விஷம்னும் அர்த்தம், மந்திரம் போட்டு வைக்கிற சரக்குன்னும் அர்த்தம். மேல்நாட்டுல இந்த ஒரு சொல்லை எப்படி மொழிபெயர்க்கிறதுன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க. அவங்க மொழியில மூணுக்கும் மூணு சொல்லு. ஒண்ணை எடுத்தா மத்தது விட்டுப்போகுது.

நான் பாப்பாகிட்ட இதை எப்படி விளக்குறதுன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன். பக்கத்துல வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்த எங்க அம்மா சொல்றாங்க: "இதுல என்னத்த யோசிக்க? மருந்து."

அப்படியே உட்கார்ந்துட்டேன்.

நம்ம மருந்துக்கு எத்தனை அர்த்தம்! காய்ச்சலுக்குக் குடுத்தா மருந்து. "ஐயோ, மருந்தைக் குடிச்சுட்டானாம்"னா ஊரே ஆஸ்பத்திரிக்கு ஓடுது, அது விஷம். "அவளுக்கு யாரோ மருந்து வச்சுட்டாங்க"ன்னா அது வசியம். எங்க ஊர்ல இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு, பட்டாசு மருந்து. மருந்து கலக்குற ரூம், மருந்து செலுத்துறவங்க, மருந்துல கை வச்சுட்டு வந்தா கழுவாம சோத்துத் தட்டைத் தொடக்கூடாது. உராய்ஞ்சா போதும், உசுரு போயிரும். இத்தனையும் ஒரே சொல்.

ஹோமர் காவியத்துல கிர்கேன்னு ஒரு சூனியக்காரி வருவா. சோத்துல பார்மகான் கலந்து குடுத்து ஆம்பளைங்களைப் பன்னியா மாத்திருவா. ஒடிசியஸுக்கு மட்டும் ஒரு சாமி வந்து மாத்துச் செடி ஒண்ணு குடுக்கும், அதுவும் பார்மகான்தான். அம்மாகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். "மருந்து வச்சுட்டா, அவரு முறிவு மருந்து குடுத்து எடுத்துட்டாரு"ன்னு ஒரே வரியில முடிச்சாங்க. எங்க அம்மா அஞ்சாங்கிளாஸ். ஹோமர் பேரு இதுக்கு முன்னாடி கேள்விப்பட்டதில்ல.

அப்ப எனக்குத் தோணுச்சு. இந்த ஊர்ப் புள்ளைங்களுக்குக் கிரேக்கம் தூரமே இல்ல. நாமதான் தூரத்துல வச்சிருக்கோம். சிவகாசி வகுப்பறையில ஒரு வாத்தியார் எழுந்து நின்னு, "சாக்ரடீஸ் மருந்தை வாங்கிக் குடிச்சார்"னு சொல்லட்டும். அறுபது புள்ளைங்களுக்கும் உடம்பு சிலிர்க்கும். ஏன்னா அதுல பாதிப் பேர் வீட்டுல யாராவது ஒருத்தர் மருந்துல வேலை பார்க்கிறாங்க. அலுமினியப் பவுடர் ஒட்டி வெள்ளி மாதிரி மின்னுற கையோட சாயங்காலம் வீட்டுக்கு வர்ற அப்பாவையும் அம்மாவையும் பார்த்து வளர்ந்த புள்ளைங்க.

அந்தக் கை பத்திப் பேசணும்.

ஏதென்ஸ் ஜனநாயக அரசுன்னு ஒப்பிச்சாள்ல? பாரசீகப் படையை கி.மு. 480-ல சலாமிஸ் கடல்ல அடிச்சு விரட்டின கப்பல்கள் எந்தக் காசுல கட்டினது? லாரியோன்னு ஒரு இடம், ஏதென்ஸுக்குப் பக்கத்துல. அங்க வெள்ளிச் சுரங்கம். கி.மு. 483 வாக்குல பெரிய வெள்ளிப் படிவம் கிடைச்சது, அதை ஆளாளுக்குப் பங்கு போடாம கப்பல் கட்டுவோம்னு தெமிஸ்டோகிளிஸ்ங்கிற தலைவர் பேசி ஜெயிச்சார். சரி. அந்த வெள்ளியை வெட்டினது யாரு? அடிமைங்க. ஆள் குனிஞ்சு தவழ்ந்து போற அளவு குறுகலான குழிகள்ல.

இதைச் சொன்னதும் அம்மா வெங்காயத்தைக் கீழ வச்சுட்டுக் கேட்டாங்க. "கூலி எம்புட்டு?"

அம்மா முப்பது வருசம் தீப்பெட்டி ஒட்டினவங்க. குரோஸ் கணக்கு. நூத்து நாப்பத்துநாலு பெட்டி ஒட்டினாத்தான் ஒரு குரோஸ். மைதாப் பசை காய்ஞ்சு விரல் ரேகையே அழிஞ்சுபோச்சு, ரேசன் கடையில கை வச்சா மிஷின் எடுக்க மாட்டேங்குது. அவங்களுக்கு எந்த வேலையைப் பத்திச் சொன்னாலும் மொதக் கேள்வி அதுதான்.

நல்லவேளை, பதில் இருந்துச்சு. செனபோன்னு ஒரு கிரேக்க எழுத்தாளர் எழுதி வச்சிருக்கார். நிக்கியாஸ்னு ஏதென்ஸ் பணக்காரர் ஒருத்தர் ஆயிரம் அடிமைங்களைச் சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஆளுக்கு நாளைக்கு ஒரு ஓபல். ஆறு ஓபல் ஒரு டிராக்மா. அந்த ஒரு ஓபலும் நிக்கியாஸுக்குப் போச்சு, வெட்டினவனுக்கு இல்ல.

"முதலாளி பேரு இருக்கு. வேலை பார்த்தவன் பேரு?"

"இல்லம்மா. குத்தகைக்கு எடுத்தவன் பேருகூட இருக்கு. இவங்க பேரு இல்ல."

அம்மா ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு பாப்பாவைப் பார்த்து, "இதை எழுது பரீட்சையில"ன்னாங்க.

இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்ல நினைக்கிறேன். கிரேக்க ரோம வரலாற்றை நம்ம காலேஜ்கள்ல இருந்து தூக்கணும்னு சொல்ற ஆள் நான் இல்ல. இன்னும் ஆழமா, இன்னும் நிறைய வேணும்னு கேக்கிறேன். ஆனா இங்க இருந்து தொடங்கணும். இந்தப் புள்ளைங்க கையில என்ன இருக்கோ, நாக்குல என்ன இருக்கோ அதுல இருந்து.

இதுல பெரிய கொடுமை என்ன தெரியுமா? நம்ம காலேஜ்ல கிரேக்கனும் ரோமானியனும் ரெண்டு கட்டடத்துல இருக்காங்க. வரலாற்றுத் துறையில அவங்க பேரு கிரேக்க ரோம நாகரிகம். தமிழ்த் துறையில அவங்களே யவனர். ரெண்டும் ஒரே ஆளுங்கன்னு யாரும் புள்ளைங்ககிட்டச் சொல்றதில்ல! ஆசியாக் கரையில அயோனியான்னு ஒரு கிரேக்கப் பகுதி, அந்தப் பேரு பாரசீகத்துல யவுனா ஆகி, நம்மகிட்ட யவனன் ஆச்சு. அகநானூறுல பொன்னோட வந்து மிளகோட திரும்புற யவனர் கப்பல் இருக்கு. புறநானூறுல அவங்க கொண்டு வந்த மது இருக்கு. நெடுநல்வாடையில அவங்க செஞ்ச விளக்கு, முல்லைப்பாட்டுல அரசனோட கூடாரத்துக்கே யவனர் காவல். பாப்பாவுக்கு இந்த நாலும் தமிழ்ப் பேப்பர்ல பொருள் விளக்கம், ரெண்டு மார்க். அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் என்ன இருக்கு? வியன்னாவுல ஆஸ்திரிய தேசிய நூலகத்துல ஒரு பாப்பிரஸ் தாள். கி.பி. ரெண்டாம் நூற்றாண்டு. 1985-ல அச்சுல வெளிவந்துச்சு. ஒரு பக்கம் சேர நாட்டு முசிறித் துறைமுக வியாபாரத்துக்கான கடன் ஒப்பந்தம். மறுபக்கம் ஹெர்மபோலோன்னு ஒரு கப்பல்ல வந்த சரக்குக் கணக்கு, கங்கைப் பக்கத்து வாசனைச் சரக்கு, யானைத் தந்தம்னு. தாள்ல எழுதியிருக்கிற மதிப்பு ஏறத்தாழ 69 லட்சம் டிராக்மா. இறக்குமதி வரி நாலுல ஒரு பங்கு. இதை விருதுநகர் புள்ளைக்குப் புரிய வைக்கணுமா? கடன் பத்திரம், சரக்கு, கமிஷன், வரி... மிளகாய் வத்தலும் பருப்பும் எண்ணெயும் ஏத்தி இறக்கின தெருவுல பொறந்த புள்ளைக்கு நாம சொல்லிக் குடுக்க வேண்டியதே இல்ல, அவ நமக்குச் சொல்லிக் குடுப்பா. எந்தக் கடை அண்ணாச்சிகிட்டக் குடுத்தாலும் அந்தத் தாளை அரை மணி நேரத்துல படிச்சு முடிச்சுருவாரு.

எகிப்துல செங்கடல் கரையில பெரெனிகேன்னு ஒரு துறைமுகம். அங்க கோயில் தரையில புதைச்சு வச்ச இந்தியப் பானையில ஏழரைக் கிலோ மிளகு. அதே கரையில குசேர் அல்-காதிம் துறைமுகத்துல தமிழ் பிராமியில பேரு எழுதின பானை ஓடுகள், கணன், சாதன்னு. யாரோ ஒரு சாத்தன் அவ்வளவு தூரம் போய்த் தன் பானையில பேரு எழுதி வச்சிருக்கான். லாரியோன்ல வெட்டினவனுக்குக் கிடைக்காதது இவனுக்குக் கிடைச்சிருக்கு. ரோம எழுத்தாளர் பிளினி கணக்குப் போட்டுப் புலம்பினாரே, வருசத்துக்கு அஞ்சு கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகுதுன்னு, அதையும் இந்தப் பானையையும் ஒரே பாடத்துல வைங்க. தானா ஒட்டிக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். இப்படிப் பேசினா உடனே சிலர், "எல்லாமே தமிழ்ல இருந்துதான் போச்சு"ன்னு ஆரம்பிச்சுருவாங்க. எனக்கு அது ஒத்துக்காது. கிரேக்கத்துல இஞ்சிக்கு இருக்கிற சிங்கிபெரிஸ்ங்கிற சொல்லு பாலி மாதிரியான மொழி வழியாப் போனது, அதுக்கும் பின்னால நம்ம இஞ்சி இருக்குன்னு அறிஞர்கள் படிப்படியாக் காட்டியிருக்காங்க. அந்தப் படியைக் காட்டினாத்தான் படிப்பு. படியில்லாமத் தாவினா அது மேடைப் பேச்சு. ஓரை வெளிய இருந்து வந்திருக்கலாம், இஞ்சி இங்க இருந்து போயிருக்கலாம். வந்ததுக்கும் போனதுக்கும் நடுவுல எவ்வளவு பேரு நடந்திருக்காங்க, கப்பல் ஏறியிருக்காங்க! அந்த வழியைப் பார்க்கிறதுதான் அழகு.

இந்த ரெண்டு கட்டடத்தையும் சேர்த்தவங்க நம்மகிட்ட இல்லாமலும் இல்ல. தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத்துக்காரர். ரோமாபுரியில குருத்துவம் படிச்சவர், லத்தீன் தெரிஞ்சவர். அப்புறம் நம்ம தெக்க வடக்கன்குளத்துப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்தப்பதான் தமிழை ஊன்றிப் படிச்சார். சங்கப் பாட்டு இயற்கையை கிரேக்க, லத்தீன் பாட்டுகளோட பக்கத்துல வச்சு எழுதினார். ஈழத்துத் திறனாய்வாளர் கைலாசபதி இங்கிலாந்துல பர்மிங்காம் போய், ஜார்ஜ் தாம்சன்ங்கிற கிரேக்க மொழிப் பேராசிரியர்கிட்ட ஆராய்ச்சி பண்ணி, ஹோமரோட பாடல் மரபையும் நம்ம பாணர் மரபையும் ஒப்பிட்டார். 1968-ல ஆக்ஸ்போர்டு அச்சகம் அதைப் புத்தகமாப் போட்டுச்சு. அதுக்கும் முன்னாடி, முந்நூறு வருசத்துக்கு முந்தி, கோவில்பட்டி பக்கத்துல காமநாயக்கன்பட்டியில இருந்த இத்தாலியப் பாதிரியார் வீரமாமுனிவர் திருக்குறள் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீன்ல பெயர்த்தார். காமநாயக்கன்பட்டி வழியா நாம எத்தனை தடவை போயிருப்போம்! அந்த வழியில லத்தீன் உட்கார்ந்து நம்ம குறளைப் படிச்சிருக்கு.

வெளிநாட்டுலயும் இந்தக் கிரேக்க ரோமப் படிப்பை எப்படிச் சொல்லிக் குடுக்கிறதுன்னு பெரிய வாக்குவாதம் நடக்குது. 2021-ல பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், இந்தத் துறையில பட்டம் வாங்க கிரேக்கமோ லத்தீனோ கட்டாயம் படிக்கணும்ங்கிற விதியை எடுத்துட்டாங்க. அதே வருசம் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கின ஹோவர்டு பல்கலைக்கழகம் அந்தத் துறையையே கலைக்க முடிவு பண்ணாங்க. ஒரு பக்கம், இது வெள்ளைக்காரன் பெருமைக்காகக் கட்டின படிப்புன்னு கோவம். இன்னொரு பக்கம், அப்படின்னா எங்க புள்ளைங்க மட்டும் ஹோமரைப் படிக்காம ஏன் நிக்கணும்னு கோவம். ரெண்டாவது கோவம் எனக்கு ரொம்பக் கிட்ட. மருந்து ரூம்ல வேலை பார்க்கிறவங்க புள்ளைக்கு எதுக்கு ஹோமர்னு கேட்டா, அதே புள்ளைக்குத்தான் மொதல்ல வேணும்னு சொல்வேன். அம்மா அந்தக் கதையை ஒரே வரியில சொன்னதைக் கேட்டவ நான்.

பரீட்சை முடிஞ்சு ஒரு ஞாயித்துக்கிழமை பாப்பாவை வெம்பக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனேன். சிவகாசியில இருந்து பஸ்ல ஒரு மணி நேரம்கூட ஆகாது. வழி நெடுக ரெண்டு பக்கமும் பட்டாசு ஆலை, வேப்ப மரத்துக்கு நடுவுல தள்ளித் தள்ளிக் கட்டின சின்னச் சின்ன ரூம். வைப்பாத்துக் கரையில விஜயகரிசல்குளம் மேட்டுக்காடு. 2022-ல இருந்து தொல்லியல் துறை தோண்டின இடம். நுண்கற்கருவி, சுடுமண் பொம்மை, பாசி மணி, தங்க நகைத் துண்டு எல்லாம் கிடைச்சது. எனக்குப் புடிச்சது சங்கு வளையல். அதுலயும் முடிக்காத வளையல். அறுத்து, பாதியில உடைஞ்சு, தூக்கிப் போட்ட துண்டு.

"ரிஜெக்ட் பீஸ் சித்தி"ன்னா பாப்பா. தீப்பெட்டி ஒட்டின எங்க அம்மா மடியில வளர்ந்தவ, உடனே கண்டுபுடிச்சுட்டா. உடைஞ்ச துண்டு கிடக்குன்னா இங்கயே செஞ்சிருக்காங்க. இங்க கடல் இல்ல, அப்ப சங்கு கடக்கரையில இருந்து வரணும். யாரோ முங்கி எடுத்திருக்கணும். தெக்க கொற்கையில முத்துக் குளிச்சது தண்டனைக் கைதிங்கன்னு பெரிப்ளூஸ்ங்கிற கிரேக்கக் கப்பல் கையேடு சொல்லுது. ரோமாபுரிச் சீமாட்டி கழுத்துல கிடந்த முத்துக்கும் ஒரு கை இருந்திருக்கு.

திரும்பி வர்ற பஸ்ல அவ ரொம்ப நேரம் பேசவே இல்ல. சாத்தூர் சேவுப் பொட்டலத்தை மடியில வச்சுக்கிட்டு ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டே வந்தா. அப்புறம் கேட்டா, "சித்தி, வர்ற செமஸ்டர்ல செமினார் எடுக்கணும். ரோம் பத்தி எடுக்கவா?"

எடு தாயி.

அவங்க வாத்தியார் நல்ல மனுசர் போல. தலைப்பைக் கேட்டுட்டு, "காலண்டரை வச்சு ரோமா? சரி, செய்ம்மா, நானும் கேக்கிறேன்"னு சொல்லியிருக்கார். தமிழ்த் துறை மேடத்தையும் கூப்பிடட்டுமான்னு இவ கேட்டிருக்கா. அவரே போய்ச் சொல்றேன்னாராம்.

நேத்து எங்க அச்சகத்துல பழைய வேஸ்ட் ஷீட் கட்டைப் பிரிச்சேன். ஆகஸ்ட் மாசத் தாளும் பின்னட்டை ஓரை அட்டவணையும் அறுபது காப்பி. கலர் கொஞ்சம் ஒதுங்கியிருக்கு, எழுத்து நல்லாத் தெரியுது. பெஞ்சுக்கு ஒண்ணு போதும்னு சொன்னேன். ஆளுக்கு ஒண்ணு வேணுமாம், விரல் விட்டு எண்ணணுமாம்.